சக சர்வேயரின் தவறு கண்ணில் பட்டால்: பேச்சா, சங்கமா, வாரியமா?

ஒரு மனையின் மூலையைத் தேடி மண்ணைத் தோண்டுகிறீர்கள். பழைய வரைபடம் சொல்லும் இரும்புக் கம்பி துருப்பிடித்து, சற்றே சாய்ந்து, இருக்க வேண்டிய இடத்திலேயே கிடைக்கிறது. அப்பாடா என்று நிமிர்ந்தால், ஒன்றரை அடி தள்ளி இன்னொரு கம்பி. புதியது. தலையில் பிளாஸ்டிக் மூடி, மூடியில் வேறொரு சர்வேயரின் லைசென்ஸ் எண். அவர் பழைய கம்பியைத் தேடவே இல்லையா, கண்டும் ஏற்கவில்லையா, களத்துக்கே வராமல் யாரோ அளந்ததற்குக் கையெழுத்துப் போட்டாரா? அந்த மூடியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே மூலைக்கு இரண்டு அடையாளங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை நம்பி யாரோ நாளைக்கு மதில் எழுப்பப் போகிறார்கள்.

அமெரிக்க சர்வேயர்கள் இப்படிப்பட்ட மூலையைக் குண்டூசி குத்திவைத்த மெத்தை என்பார்கள். ஒவ்வொருவரும் தன் கணக்குப்படி ஒரு கம்பி அடித்துவிட்டுப் போவதால் வருகிற நிலை அது.

இப்போது உங்களுக்கு முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. அவரிடம் நேரில் பேசலாம். தொழில் சங்கத்திடம் கொண்டுபோகலாம். லைசென்ஸ் கொடுக்கும் வாரியத்தில் புகார் எழுதலாம். கண்டதைப் பொதுப் பதிவில் ஏற்றலாம். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிலத்துக்காரரிடம் விட்டுவிடலாம். எதுவும் செய்யாமல் போவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. காரணம் இதுதான்: இந்தத் தொழிலில் தவறு தூங்கும். எல்லை ஒன்றரை அடி தள்ளி நின்றால் பல வருடங்களுக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது. நிலம் கைமாறும்போதோ கட்டடம் எழும்பும்போதோதான் விழித்துக்கொள்ளும். அதற்குள் அளந்தவர் ஓய்வு பெற்றிருக்கலாம், வழக்குப் போடும் காலக்கெடுவும் முடிந்திருக்கலாம். பாதிக்கப்படப் போகிறவருக்குத் தவறு தெரியாது. அதைப் பார்க்கக் கண் உள்ளவர் இன்னொரு சர்வேயர் மட்டும்தான்.

அதனால் என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகார் வந்தால் விசாரிப்போம் என்று உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பு நில அளவைக்குப் போதாது. யாரும் புகார் சொல்லாதபோதும் ஒருவர் வேலையை இன்னொருவர் முறைப்படி பார்க்கும் ஏற்பாடு வேண்டும். அது இல்லாத இடத்தில், தவறைக் கண்ட சர்வேயர்தான் அந்தப் பொறுப்பைச் சுமந்தாக வேண்டும்.

முதலில், அது தவறுதானா?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எல்லை என்பது வெறும் அளவு அல்ல, ஆதாரத்தை எடைபோட்டு எடுக்கும் முடிவு. நல்ல சர்வேயர்கள் இருவர் ஒரே ஆதாரத்தைப் பார்த்து வேறு வேறு முடிவுக்கு வரலாம். 1878-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்த டீல் எதிர் சாங்கர் வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மக்கள் வேலி போட்டுக் குடியிருந்த மனைப்பிரிவைப் பிற்காலத்தில் மறுபடி அளந்த சர்வேயர், எல்லைக் கோடுகள் தவறு என்றார். நீதிபதி தாமஸ் கூலி அதை ஏற்கவில்லை. முதலில் அடித்த முளைகள் எங்கே இருந்தன என்பதுதான் கேள்வி, எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அல்ல என்றார். அந்த முளைகள் போய்விட்ட பிறகு, நெடுங்காலமாக நிற்கும் வேலி புது அளவையைவிட நல்ல ஆதாரம் என்பதும் அவர் கருத்து.

இன்றைய கருவிகள் மிக நுட்பமாக அளக்கின்றன. அந்த நுட்பமே சில சமயம் ஆபத்து. கணக்கு சொல்லும் புள்ளிக்கும் மண்ணில் இருக்கும் பழைய கம்பிக்கும் வித்தியாசம் வந்தால், கணக்கை நம்பிப் புதுக் கம்பி அடிக்கத் தோன்றும். ஆகவே உங்கள் முன்னால் இருப்பது மூன்றில் எது என்று பாருங்கள். காரணம் சொல்லி எடுத்த, நீங்கள் ஒப்பாத ஒரு முடிவா? தேட வேண்டியதைத் தேடாத அலட்சியமா? பொய்யா? களக்குறிப்பைக் கற்பனையாக எழுதுவதும், தன் பொறுப்பில் நடக்காத வேலைக்கு முத்திரை குத்திக் கொடுப்பதும், லைசென்ஸ் இல்லாமலே எல்லை காட்டுவதும் மூன்றாவது வகை. முதல் வகைக்கு வாரியத்துக்குப் போவது அநியாயம். மூன்றாவது வகைக்குப் போனில் பேசி முடிப்பதும் அதே அளவு அநியாயம்.

நேரில் பேசுவது

அலட்சியம் என்று தோன்றினாலும் பெரும்பாலும் முதல் படி இதுதான், அதற்குக் காரணம் மரியாதை மட்டும் இல்லை. உங்களிடம் இல்லாத ஆதாரம் அவரிடம் இருக்கலாம். பதிவுக்கு வராத பழைய களக்குறிப்பு, வெட்டப்பட்டுப்போன அடையாள மரம், அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட எல்லை ஒப்பந்தம் என எதுவும் இருக்கலாம். “சார், உங்கள் கம்பிக்குப் பக்கத்தில் பழைய கம்பி ஒன்று கிடைத்தது. உங்கள் கோப்பில் அதைப் பற்றிக் குறிப்பு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால் போதும். குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். தன் தவறைத் தானே கண்டு திருத்த ஒருவருக்கு இடம் கொடுத்தால், அவர் வரைபடத்தைத் திருத்தி, நிலத்துக்காரருக்கும் எழுதி, சில வாரங்களில் விஷயத்தை முடித்துவிட முடியும். வேறு எந்த வழியிலும் இந்த வேகம் கிடையாது.

ஆனால் குறைகளும் பெரியவை. பேச்சுக்குப் பதிவு இல்லை. அவர் மூத்தவராக, நாலு பேருக்குத் தெரிந்தவராக இருந்து, நீங்கள் நேற்று லைசென்ஸ் வாங்கியவராக இருந்தால், “தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரே வேலையில் காட்டிய அலட்சியத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பத்து வருடமாக அப்படியே வேலை செய்கிறார் என்றால், நீங்கள் கண்ட மூலை மட்டும் சரியாகும், காணாத நூறு மூலைகள் அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சர்வேயர்கள் இருவர் பேசி, ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்து, நடுவில் ஒரு புள்ளியை ஏற்பது சமாதானம் போலத் தெரியும். அந்தப் பாதியை விட்டுக்கொடுக்க இருவருக்கும் உரிமை இல்லை. நிலம் அவர்களுடையது அல்ல. இருக்கும் எல்லையைக் கண்டு சொல்வதுதான் அவர்கள் வேலை, புதிதாக ஒன்றை உண்டாக்குவது அல்ல.

அப்புறம், பேசுவதற்கு முன்பே இரண்டு கம்பிகளையும் படம் எடுத்து, அளந்து, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேசிய பிறகு போனால் அங்கே ஒரு கம்பி மட்டும் இருக்கக்கூடும்.

சங்கமும் சக கண்காணிப்பும்

சங்கம் என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு அமைப்புகள் இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பல விவாதங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

ஒன்று, விரும்பினால் சேரும் சங்கம். நெறிமுறைக் குழு வைத்திருக்கும், அறிவுரை சொல்லும், மிஞ்சிப் போனால் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கும். நீக்கப்பட்டவர் மறுநாளும் லைசென்ஸோடு அளக்கப் போகலாம். ஒருவர் மனம் இருந்தும் முறை தெரியாமல் தடுமாறுகிறார் என்றால் இது உதவும். அடாவடிக்காரரிடம் இதன் பேச்சு எடுபடாது.

மற்றொன்று, சட்டமே அதிகாரம் கொடுத்த, தன்னைத்தானே ஆளும் சங்கம். கனடாவின் ஒன்டாரியோவில் நில அளவையாளர் சங்கத்துக்கு 1892 முதல் இந்த நிலை. ஆல்பர்ட்டா சங்கம் 1910-இல் வந்தது. பிரான்சில் நில அளவை வல்லுநர்களின் மன்றத்தை 1946 மே 7 தேதியிட்ட சட்டம் அமைத்தது. இங்கெல்லாம் சேராமல் தொழில் செய்ய முடியாது. ஆகவே சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கை லைசென்ஸையே தொடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது புகார் இல்லாமலே நடக்கும் பரிசீலனை. ஒன்டாரியோ சங்கத்தில் இதற்கென்றே ஒரு பரிசீலனைத் துறை உண்டு. உறுப்பினர்கள் வெளியிடும் வரைபடங்களில் எண்ணிட்ட அடையாளம் இடப்படுகிறது. அதைக் கொண்டு எந்த வேலை எங்கே நடந்தது என்பது சங்கத்துக்குத் தெரிகிறது. தெரிந்தெடுத்த வேலைகளைக் களக்குறிப்புகளோடு வாங்கிப் பார்க்கிறார்கள். ஆல்பர்ட்டாவிலும் சங்கமே எல்லா அளவை அலுவலகங்களையும் சுற்று முறையில் பரிசீலிக்கும் திட்டம் வைத்திருக்கிறது.

இந்தப் பரிசீலனை பிடிப்பது ஒரு கம்பியை அல்ல, பழக்கத்தை. ஒரு சர்வேயரின் ஐந்தாறு கோப்புகளை விரித்து வைத்தால் அனுபவசாலிக்கு உடனே தெரிந்துவிடும். பக்கத்து நிலங்களின் பத்திரங்களை எடுத்துப் பார்த்தாரா, அல்லது தன் வாடிக்கையாளர் கொடுத்த பத்திரத்தோடு நிறுத்திக்கொண்டாரா? பழைய அடையாளங்களைத் தேடியதற்கு, தேடியும் கிடைக்கவில்லை என்பதற்கு, குறிப்பு இருக்கிறதா? அளவுகளைச் சரிபார்க்கத் திரும்ப அளந்திருக்கிறாரா? களக்குறிப்பு களத்தில் எழுதியதா, அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியதா? தவறு தூங்கும் தொழிலில், அது விழிப்பதற்கு முன்பே எழுப்பும் ஏற்பாடு இது ஒன்றுதான். ஒருவரை அவமானப்படுத்தாமல் திருத்தவும் இதில் இடம் உண்டு. முதல் பரிசீலனையில் குறை சொல்லி, திருத்த அவகாசம் கொடுத்து, மறுபடி பார்த்து, அதற்கும் அசையவில்லை என்றால்தான் ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்ப வேண்டும். அந்த வரிசையில் நியாயம் இருக்கிறது.

இதன் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்ம ஆள் என்ற சலுகை வரலாம். பரிசீலிப்பவரும் பரிசீலிக்கப்படுபவரும் ஒரே கூட்டத்தில் சந்திப்பவர்கள். அதனால்தான் தொழிலுக்கு வெளியே உள்ளவர்கள் ஆட்சிக்குழுவில் இருப்பது அவசியம் என்கிறேன். ஒரு புகாரைச் சங்கம் எப்படிக் கையாண்டது என்பதைத் தனியாக ஒருவர் திரும்பப் பார்ப்பதும் வேண்டும். பரிசீலனை பெரும்பாலும் ரகசியமாக நடப்பதும் சிக்கல்தான். அந்த ரகசியத்தால் சர்வேயர்கள் கோப்பைத் தைரியமாகத் திறந்து காட்டுகிறார்கள், சரி. ஆனால் தவறாக அளக்கப்பட்ட நிலத்தின் சொந்தக்காரரிடமும் அதை மறைப்பதாக இருந்தால், அந்த ரகசியத்தை நான் ஏற்கமாட்டேன்.

லைசென்ஸ் வாரியம்

அமெரிக்காவில் சக பரிசீலனையைவிட வாரியமே முதன்மையானது. அது பிறந்த கதையே அதன் நோக்கத்தைச் சொல்லும். வயோமிங் மாநிலத்தில் தண்ணீர் உரிமை கேட்டு வந்த விண்ணப்பங்களோடு, தகுதி இல்லாதவர்கள் வரைந்து கையெழுத்திட்ட வரைபடங்கள் வந்துகொண்டிருந்தன. மாநிலப் பொறியாளர் அதைக் கண்டு சட்டம் கேட்டார். 1907-இல் பொறியாளருக்கும் நில அளவையாளருக்கும் அங்கே லைசென்ஸ் கட்டாயமானது. பொதுமக்களைக் காப்பதற்காக வந்த ஏற்பாடு இது, தொழில்காரர்களின் வருமானத்தைக் காப்பதற்காக அல்ல.

வாரியத்திடம் உண்மையான அதிகாரம் இருக்கிறது. ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போடலாம், லைசென்ஸை நிறுத்தலாம், பறிக்கலாம். ஆனால் புகார் எழுதுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வாரியம் செய்யாதவற்றை. எல்லை எங்கே என்று பொதுவாக அது தீர்ப்பளிக்காது. நஷ்டஈடும் வாங்கித் தராது. சர்வேயர் தன் தொழிலின் தரத்தோடு நடந்தாரா என்பதை மட்டும்தான் பார்க்கும். விசாரணை மெதுவாக நகரும். அதுவரை இரண்டு கம்பிகளும் அங்கேயேதான் நிற்கும்.

புகார் எழுதுவது துரோகம் என்ற எண்ணம் சர்வேயர்களிடம் ஆழமாக இருக்கிறது. விதிகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க மாநில வாரியங்களுக்கு மாதிரி விதிகள் வகுக்கும் என்சிஇஇஎஸ் அமைப்பின் நடத்தை விதிகளில் இரண்டு கடமைகள் உண்டு. மீறல் நடந்தது தெரிந்தால் வாரியத்துக்குத் தகவல் தர வேண்டும். அதே சமயம், சக தொழிலாளரின் பெயரைப் பொய்யாகவோ வன்மத்தோடோ கெடுக்கக் கூடாது, கண்மூடித்தனமாக அவர் வேலையைக் குறை கூறக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வாடிக்கையாளரிடம் “அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்வதைத்தான் இரண்டாவது விதி தடுக்கிறது. ஆதாரத்தோடு வாரியத்துக்கு எழுதுவதை முதல் விதி கேட்கிறது.

வாரியத்தில் பெரும்பாலும் அதே தொழிலைச் செய்பவர்களே உறுப்பினர்கள் என்பதால் இன்னொரு ஆபத்து வருகிறது. போட்டியாளரை அடக்கும் ஆயுதமாக அது மாறலாம். வட கரோலினா பல் மருத்துவ வாரியம், பல் வெண்மையாக்கும் வேலை செய்த மற்றவர்களுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதங்கள் அனுப்பியது. அந்த வழக்கில் 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொழில் செய்பவர்களின் கட்டுப்பாட்டில் உள்ள வாரியத்தை அரசு உண்மையாகவே மேற்பார்வை செய்தால்தான் போட்டிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடைக்கும் என்றது. பல் மருத்துவத் தீர்ப்புதான், ஆனால் அளவை வாரியங்களுக்கும் பொருந்தும். “அவர் குறைந்த கட்டணத்துக்கு வேலை செய்கிறார்” என்பது புகாராகவே இருக்கக் கூடாது. குறைந்த கட்டணத்துக்காக அவர் எந்த வேலையைச் செய்யாமல் விட்டார் என்பதுதான் புகார்.

லைசென்ஸ் இல்லாதவர்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. விசலைன் என்ற நிறுவனம், பத்திரத்தில் எழுதியிருக்கும் எல்லை விவரத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடாக வரைந்து வங்கிகளுக்குக் கொடுத்தது. மிசிசிப்பி வாரியம் அதை எதிர்த்தது. 2020-இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், லைசென்ஸ் விதி என்பதாலேயே அது பேச்சுரிமைக் கேள்விக்கு அப்பாற்பட்டது ஆகாது என்றது. 2024-இல் வட கரோலினாவில் டிரோன் படங்களை ஒன்றாக இணைத்து அளவுகளோடு வரைபடம் தந்தவரின் வழக்கில், நான்காவது வட்டார நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. ஆகவே லைசென்ஸ் இல்லை என்ற ஒரு வரியோடு புகாரை நிறுத்தாதீர்கள். அந்த வரைபடத்தை நம்பி யார் என்ன முடிவு எடுத்தார்கள், அதில் எல்லை என்று காட்டியது எதை என்பதை எழுதுங்கள். இப்படிப்பட்டவர்களுக்குச் சங்கம் பயன்படாது. அவர்கள் அதில் இல்லை. வாரியம் மட்டும்தான் வழி.

பலர் மறந்துபோகும் வழி

பொதுப் பதிவு. கலிபோர்னியாவில் சர்வேயர் ஒருவர் களத்தில் கண்டது பதிவில் இருப்பதோடு கணிசமாக முரண்பட்டால், 90 நாட்களுக்குள் அளவைப் பதிவு தாக்கல் செய்ய வேண்டும். அதை மாவட்டத்தின் அளவை அதிகாரி பரிசோதித்த பிறகுதான் ஏற்றுவார்கள். யாரையும் குற்றம் சாட்டாமல், “இங்கே இரண்டு கம்பிகள், இடைவெளி இவ்வளவு, நான் இதை ஏற்றேன், காரணம் இது” என்று எழுதிவைக்கிறீர்கள். அடுத்து வரும் சர்வேயருக்கும் நிலம் வாங்குபவருக்கும் அது கிடைக்கும். நியூசிலாந்தில் 2002-ஆம் ஆண்டு நில அளவைச் சட்டத்தின்படி, தரத்தை வகுப்பவர் தலைமை அளவையாளர், லைசென்ஸ் தருவது தனி வாரியம். எல்லை அளவைகள் அரசுப் பதிவுக்குள் வரும்போதே சரிபார்ப்பும் நடக்கிறது. இந்தப் பிரிவினை எனக்கு நல்லதாகப் படுகிறது.

இதில் உள்ள குறை, பதிவு எதையும் தானாகச் சரிசெய்யாது. அலட்சியக்காரர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் மாட்டார். ஆனாலும் மற்ற எந்த வழியில் போனாலும் இதை விடக் கூடாது.

நீதிமன்றத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லை எங்கே என்று கட்டுப்படுத்தும் தீர்ப்பும் நஷ்டஈடும் அங்கேதான் கிடைக்கும். அது நிலத்துக்காரரின் முடிவு, உங்களுடையது அல்ல. உங்களைச் சாட்சியாக அழைத்தால் கோப்பைக் கொண்டுபோங்கள்.

எதை எப்போது

ஆதாரத்தை எடைபோடுவதில் மட்டும் வித்தியாசம் என்றால்: பேசுங்கள், அப்புறம் பதிவில் ஏற்றுங்கள். அதோடு நிறுத்துங்கள். அலட்சியம், ஆனால் ஒரே ஒரு வேலையில் என்றால்: பேசி, எழுத்தில் ஒரு தேதி கேளுங்கள். இத்தனை நாளுக்குள் நிலத்துக்காரருக்குத் தெரிவித்துத் திருத்துவதாக அவர் எழுதித் தர வேண்டும். தேதி தாண்டினால் வாரியம். அதே அலட்சியத்தை இரண்டாவது மூன்றாவது இடத்திலும் கண்டால் பேச்சு வேண்டாம். முறையான பரிசீலனை உள்ள இடத்தில் அதற்கு அனுப்புங்கள், இல்லாத இடத்தில் வாரியத்துக்கு. பொய், முத்திரை வியாபாரம், லைசென்ஸ் இல்லாமை என்றால் நேராக வாரியம்தான். முன்கூட்டிப் பேசினால் கோப்புகளை மாற்றி எழுத அவகாசம் கொடுத்ததாகிவிடும்.

புகார்க் கடிதத்தில் உங்கள் கோபம் ஒரு வரிகூட வேண்டாம். எந்த நிலம், எந்த வரைபடம், எந்தத் தேதி, நீங்கள் கண்ட அடையாளங்களின் படமும் அளவும், அவர் மீறியதாக நீங்கள் கருதும் விதி, அவரிடம் பேசியிருந்தால் எப்போது, என்ன பதில் வந்தது. உங்களுக்கும் அவருக்கும் தொழில் போட்டி இருந்தால் அதையும் நீங்களே எழுதிவிடுங்கள். பிறகு அவர் சொல்லி வாரியம் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

எந்த வழியில் போனாலும் அந்த மூலையில் மூன்றாவது கம்பி அடிக்காதீர்கள். இரண்டாவதைப் பிடுங்கவும் வேண்டாம். அது ஆதாரம். பல இடங்களில் இன்னொருவர் நட்ட எல்லை அடையாளத்தை அகற்றுவதே குற்றம். பழைய கம்பியை ஏற்றீர்கள் என்றால் அதிலிருந்து அளந்து, புதிய கம்பி எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, மூடியில் என்ன எண் என்பதை வரைபடத்தில் காட்டுங்கள். உங்கள் வாடிக்கையாளரிடம் அதே வாரத்தில் சொல்லுங்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கும் இது தெரிய வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள், மதில் எழும்புவதற்கு முன்.